இரத்தக்கட்டியைத் தொடாமலே இறுக்கம் பார்ப்பது

மழைக்காலத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அட்டைக்கடி புதிதல்ல. அட்டை விழுந்த பிறகும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது காலுக்குள் நடப்பதும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு படுத்தே கிடப்பவர்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் சில சமயம் காலின் ஆழ்நாளத்தில், அதாவது சதைக்குள் ஆழமாக ஓடும் இரத்தக்குழாயில், இரத்தம் தானாக உறைந்து கட்டியாகிவிடும். பெரும்பாலும் ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கும். உடனே லயத்தில் யாராவது தைலம் போட்டு உருவிவிட வருவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் கருவியின் முனையால் டொக்டர் காலை அழுத்திப் பார்ப்பார். நல்ல நாளம் தட்டையாக அமுங்கும், கட்டி உள்ள நாளம் அமுங்காது. சரி, கட்டி இருப்பது தெரிந்துவிட்டது. அது எத்தனை நாள் பழசு?

இந்தக் கேள்வி முக்கியம். புதுக்கட்டி, பைப்ரின் என்ற புரதத்தின் நார்வலையில் சிவப்பணுக்கள் சிக்கிய இளகலான பொருள். நாளாக ஆக வலை சுருங்கி இறுகும். வாரக்கணக்கில் போனால் கொலாஜன் என்ற உறுதியான நார்ப்புரதம் சேர்ந்து தழும்பு மாதிரி ஆகிவிடும். பிசைந்த கையோடு ரொட்டி மாவைத் தொடுவதற்கும், மூடாமல் வைத்துக் காய்ந்த பிறகு தொடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கட்டியைக் கரைக்கும் மருந்து புதியதில் நன்றாக வேலை செய்யும், பழையதில் அவ்வளவாகச் செய்யாது.

விரல் எட்டாத இடத்தில் இறுக்கத்தைப் பார்க்க உதவுவதுதான் எலாஸ்டோகிராபி. லயத்து வாசலில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். தளர்ந்த கயிற்றில் அதிர்வு மெதுவாகப் போகும், இழுத்துக் கட்டியதில் விருட்டென்று ஓடும். ஸ்கேன் கருவியும் இப்படித்தான் சுண்டுகிறது. குவித்த ஒலியால் கட்டியின் ஒரு புள்ளியைத் தள்ளும். நகர்வது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அங்கிருந்து, கயிற்றில் ஓடிய அதிர்வைப் போன்ற ஒரு குறுக்கலை பக்கவாட்டில் பரவும். அதன் வேகம் செக்கனுக்குச் சில மீட்டர். ஸ்கேன் ஒலியோ உடலில் செக்கனுக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். அதனால் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து, அந்த அலை போகும் வழியைப் பின்தொடர முடிகிறது.

அப்புறம் கணக்கு சுலபம். கட்டியின் அடர்த்தியை அந்தக் குறுக்கலையின் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 3 மடங்காக்கினால் இறுக்கம் கிடைக்கும். வேகம் செக்கனுக்கு 1 மீட்டர் என்றால் இறுக்கம் சுமார் 3 கிலோபாஸ்கல் (இறுக்கத்தை அளக்கும் அலகு), 2 மீட்டர் என்றால் 12. வேகம் இரட்டிக்க இறுக்கம் நான்கு மடங்காகிறது. உறையாத இரத்தத்தில் இந்த அலை பரவாது, திரவத்துக்குச் சுண்டிவிட இறுக்கம் ஏது?

ஆனால் இந்தக் கணக்கு எல்லாப் பக்கமும் ஒரே சீராக விரிந்த சதைக்குப் பொருந்துவது. நாளமோ ஒடுங்கிய குழாய். அலை சுவரில் பட்டுத் திரும்பிக் கணக்கைக் கெடுக்கும். ஒரே கட்டியிலேயே ஒரு முனை புதிதாகவும் மறுமுனை பழையதாகவும் இருக்கலாம். ஈரலுக்கு இந்த முறை வழக்கத்துக்கு வந்துவிட்டது, இரத்தக்கட்டிக்குப் பெரும்பாலும் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

அதுவரை கட்டியின் வயதுக்கு நோயாளியின் வாய்ச்சொல்லே பெரிய சாட்சி. "வீக்கம் எப்ப தொடங்கினது?" என்று டொக்டர் கேட்பார். "சம்பளத்துக்கு முந்தின கிழமை" என்பது போன்ற பதிலும் அவருக்கு உதவும். வீக்கத்தைக் கண்ட நாளையே கலண்டரில் குறித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.