கொலாஜ்: பசை மட்டுமா, கத்தரியும் உண்டா?

பல இடங்களிலிருந்து எடுத்த துண்டுகளை ஒட்டிச் செய்யும் படத்தைக் கொலாஜ் என்கிறார்கள். அது பிரெஞ்சுச் சொல். ‘கோல்’ என்றால் பசை. ‘கோலே’ என்றால் ஒட்டுவது. அதற்கும் முந்தைய வேர், பசையைக் குறிக்கும் ‘கொல்லா’ என்ற கிரேக்கச் சொல். 1912-இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் எண்ணெய்த்துணி, சுவர்த்தாள் போன்றவற்றைப் படத்தில் ஒட்டத் தொடங்கிய பிறகு இந்தப் பெயர் கலையுலகில் நிலைத்தது. ஆனால் பெயர் பசையோடு நின்றுவிட்டது. எதிலிருந்து வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை.

இந்தக் குறை எனக்கு உறைத்தது ஒகனோவே தோஷிகோ என்ற பெண் கலைஞரின் கொலாஜ்களைப் பார்த்தபோதுதான். 1928-இல் ஜப்பானின் கோச்சியில் பிறந்தவர். டோக்கியோவில் வளர்ந்து, போர்க்காலக் குண்டுவீச்சை அங்கேயே அனுபவித்தவர். பிறகு புங்கா ககுயின் பள்ளியில் ஆடை வடிவமைப்பு படித்தபோது ‘சிகிரி-எ’ செய்யும் பாடம் ஒன்று வந்தது. ‘சிகிரு’ என்றால் கையால் கிழிப்பது. ‘எ’ என்றால் படம். பிரெஞ்சுக்காரர் பசையைப் பார்த்துப் பெயர் வைத்த வேலைக்குப் பக்கத்து வேலை ஒன்றுக்கு, ஜப்பானியர் கிழிப்பதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒகனோவே தொடங்கியது இந்தக் கிழிசலில்தான்.

போருக்குப் பிறகு ஜப்பான் அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தில் வந்து சேர்ந்த ‘லைஃப்’, ‘வோக்’ போன்ற இதழ்கள் பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தன. அவற்றை வாங்கி வெட்டினார். முதலில் வெறும் வண்ணத்தாளில் சில துண்டுகளை மட்டும் ஒட்டினார். கவிஞரும் விமர்சகருமான தகிகுச்சி ஷூஸோ அவருக்கு ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டின் கொலாஜ்களைக் காட்டினார். அப்புறம் பின்னணியும் புகைப்படமாயிற்று. இடிபாடுகளுக்கு நடுவே விருந்து உடையில் பெண்கள் நின்றார்கள். சில பெண்களுக்குத் தலை இல்லை. சிலருக்குத் தலையிருக்கும் இடத்தில் வேறொரு பொருள். பெண் எப்படி உடுத்த வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லித் தந்த அதே பக்கங்களை ஒரு பெண் கத்தரியால் பிரித்தெடுத்து, தான் கண்ட உலகத்தில் நிறுத்தினார். இவற்றைப் பெண்ணியக் கலை என்று சொல்வது பின்னால் வந்த வாசிப்பு. எனக்கு அது மிகப் பொருத்தமாகவே படுகிறது.

ஏழெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 140 படங்கள். 1957-இல் திருமணம், அதோடு அந்த வேலை நின்றுபோனது. பல பத்தாண்டுகள் யாரும் பேசவில்லை. 1990-களில்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டார், 2019-இல் டோக்கியோவின் தெய்யென் கலை அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி நடத்தியது. இடையில் போன அந்த ஆண்டுகளை நினைத்தால் மனம் ஆறவில்லை.

வெட்டுக்கும், வெட்டி ஒட்டிய பெண்ணுக்கும் பெயரில் இடம் தந்தவர்களும் உண்டு. பெர்லின் கலைஞர் ஹன்னா ஹோக் 1919-இல் தொடங்கிய தன் புகழ்பெற்ற படத்தின் தலைப்பிலேயே சமையலறைக் கத்தியை வைத்தார். 1970-களின் கடைசியில் அமெரிக்கக் கலைஞர்கள் மிரியம் ஷாபிரோவும் மெலிசா மேயரும் பெண்ணைக் குறிக்கும் ‘ஃபாம்’ என்ற பிரெஞ்சுச் சொல்லோடு கொலாஜைச் சேர்த்து ‘ஃபெமாஜ்’ என்றார்கள். பெண்கள் காலங்காலமாகத் துணித்துண்டுகளையும் காகிதத்தையும் சேர்த்து வைத்து, தைத்து, ஒட்டிச் செய்தவை எல்லாம் அதற்குள் அடக்கம்.

கொலாஜைத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘கலவை ஓவியம்’ சரியில்லை. கலந்தால் துண்டு தெரியாது. கொலாஜில் துண்டு தெரிய வேண்டும். ‘ஒட்டோவியம்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஓவியம் என்றதும் தூரிகை நினைவுக்கு வந்துவிடும். ‘ஒட்டுப்படம்’ என்பதே என் தேர்வு. புகைப்படமும் படம்தானே. குழந்தைகளின் ஸ்டிக்கரோடு குழம்பாதா என்றால், இடத்தைப் பார்த்தால் குழம்பாது.

இதை விரும்ப இன்னொரு காரணம் ‘ஒட்டு’ என்ற சொல்லே. கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுகிறோம். ஒட்டு மாங்கன்று வைக்கிறோம். ஒட்டுக் கட்டுகிறவர் முதலில் கத்தியைத்தான் எடுப்பார். இரண்டு செடியிலும் வெட்டு விழுந்தால்தான் ஒட்டு பிடிக்கும். பிரெஞ்சுச் சொல் விட்டுவிட்ட வெட்டு, நம் சொல்லில் சத்தமில்லாமல் இருக்கிறது.

வினைச்சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். ஒகனோவே ஒட்டுப்படம் ‘வரைந்தார்’ என்று எழுதாதீர்கள். ‘செய்தார்’ என்று எழுதுங்கள். அவர் கையில் இருந்தது கத்தரி.