இரும்புக்கு விலை உண்டு, அட்டைக்கு இல்லை

“நீங்கள் ஒரு ரூபாய் தர வேண்டாமுங்க. நாங்களே பிரித்து எடுத்துக்கொண்டு, உங்கள் கையில் பத்தாயிரம் கொடுத்துவிட்டுப் போகிறோம்.” வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில் ஓடாமல் கிடக்கும் தறிக்கொட்டகையைப் பார்த்ததும் பழைய இரும்புக்காரர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார். பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைக்காமல் பிரித்து இறக்குவது என் வேலை. என்னிடம் மதிப்பீடு கேட்டவர்களில் பாதிப் பேர் இதற்குப் பிறகு என் பக்கம் திரும்புவதே இல்லை. பிழைப்புப் போன வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால், அதுவும் கொஞ்சம் உண்டுதான்.

ஆனால் அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கொட்டகையில் கிலோக் கணக்கில் விலை போவது ஆங்கிளும் குழாயும் மட்டும். மேலே கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், எங்கள் பக்கத்துப் பேச்சில் வெறும் அட்டை, காசுக்கு ஆகாது. நாற்பது அட்டை போட்ட கூரையில், அட்டையை இரும்புச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போன்ற ஜே போல்டு இருநூறுக்கு மேல் இருக்கும். எல்லாம் துருப்பிடித்து இறுகியவை. ஒவ்வொன்றாகக் கழற்றினால் இரண்டு நாள் கூலி. சம்மட்டியால் அடித்து நொறுக்கினால் மதியத்துக்குள் இரும்பு தனியாக வந்துவிடும். யாரும் வேண்டுமென்று தீங்கு செய்வதில்லை. பேரம் பேசிய விதத்திலேயே அட்டை உடைந்துவிடுகிறது.

உடைத்தால் என்ன? இந்த அட்டையில் சுமார் 8 முதல் 10 விழுக்காடு வரை கிரைசோடைல் என்னும் வெள்ளைக் கல்நார் இருக்கும். மற்றதெல்லாம் பெரும்பாலும் சிமென்ட். முழுசாக இருக்கும்வரை சிமென்ட் அந்த இழைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே அட்டை வீட்டில் குடியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே கூரையைப் பிரிக்க ஓட வேண்டாம். உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளையிடும்போதும்தான் இழைகள் காற்றில் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழை, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். நுரையீரலில் தங்கினால் எளிதில் வெளியேறாது. நுரையீரல் தடித்துச் சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா ஆகியவை இதனால் வருபவை. பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு.

இதில் சங்கடம், நோய் வர இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். இன்று இருமாதவன் ஒன்றும் ஆகவில்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவான். ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளில் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அட்டையைச் செய்தவனுக்கு அந்தப் பதிவேடாவது உண்டு. உடைக்கிறவனுக்கு அதுவும் கிடையாது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. இங்கே கல்நாரை வெட்டி எடுப்பது நின்றுபோனாலும் இறக்குமதி தொடர்கிறது.

புழுதி இருபது ஆண்டு கழித்துக் கேட்கும் கணக்கை, கூரை அன்றைக்கே கேட்டுவிடும். என் கண்முன்னே ஒரு பையன் அட்டையோடு உள்ளே விழுந்தான். பதினான்கு அடி உயரம். நல்லவேளை, குதிகால் எலும்போடு போயிற்று. பாசி படிந்த பழைய அட்டை, மிதித்தால் அப்பளம்தான். அதனால் என் வேலைகளில் யாரையும் கூரைமேல் ஏற்றுவதில்லை. உள்ளே சாரம் கட்டி, கீழிருந்தே போல்டின் கொக்கியை போல்ட் கட்டரால் வெட்டி, அட்டையை முழுசாக இருவர் கைமாற்றி இறக்குகிறோம். கிரைண்டர் அட்டையில் படவே கூடாது. போல்டை வெட்டத் தொடங்கும் முன் அட்டையை நன்றாக நனைக்க வேண்டும். தோட்டத்தில் முதுகில் மாட்டும் தெளிப்பான் போதும், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டால் தண்ணீர் நன்றாக ஊறும். பூச்சிமருந்து அடித்த தெளிப்பானாக இருந்தால் முதலில் கழுவுங்கள்.

காலமும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் அட்டையைக் கையில் பிடிக்கவே முடியாது. புழுதியும் அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் போகும். மார்கழி, தை மாதக் காலைகளே என் தேர்வு. தலைப்பாகைத் துண்டும் துணி முகமூடியும் இந்த இழையைத் தடுக்காது. நுண்ணிய தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 அல்லது பி100 வகை முகமூடி வேண்டும். விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரச்சாக்கால் துடையுங்கள். வேலைத் துணியை அன்றைக்கே தனியாக நனைத்துவிட வேண்டும். உதறித் துவைக்கும் மனைவியின் மூச்சிலும் அது போகும்.

தறிக்கு வந்த மின் இணைப்பை வாரியத்தில் சொல்லித் துண்டித்த பிறகே கை வையுங்கள். மூலையில் கிடக்கும் பூச்சிமருந்து டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டாம். பாம்பு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நொறுக்கிய அட்டை பெரும்பாலும் தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரிக்குத்தான் போகிறது. மழையில் சேறான தடத்தில் கொட்டி நிரவுவார்கள். பிறகு டிராக்டர் சக்கரம் அதைத் தினமும் அரைத்துத் தூளாக்கும். மிச்சம் மாட்டுக் கட்டுத்தரையிலும் கோழிக்கூட்டிலும் கிடக்கும். அபாயக் கழிவுகளைப் புதைக்கும் தளம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். முப்பது அட்டைக்கு யார் லாரி பிடிப்பார்கள்?

போன தை மாதம் வெள்ளக்கோவில் பக்கம் ஒரு ஆத்தா வீட்டில் எல்லாவற்றையும் முழுசாக இறக்கினோம். நனைத்து, தடித்த பாலித்தீன் தாளில் சுற்றி, ‘உடைக்காதே’ என்று பெயிண்டில் எழுதி, கிணற்றடிச் சுவரோரம் அடுக்கினோம். எங்கே கொடுப்பது என்று எழுதிக் கேட்ட கடிதத்துக்கு உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. “ஏனுங்க தம்பி, இது எத்தனை நாளைக்கு இங்கேயே இருக்கும்?” என்று நான் போகும்போதெல்லாம் ஆத்தா கேட்கிறார். நானும் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன்.