‘நைன் வைல் ஃபைவ்’: நான் தப்பு என்று குறித்த சரியான பதில்

தெற்கு யார்க்‌ஷயரில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். பக்கவாதம் வந்து பத்து நாள் ஆன ஒரு பெரியவரின் படுக்கையருகே உட்கார்ந்திருந்தேன். நான் ஸ்பீச் தெரபிஸ்ட். மூளையில் அடிபட்ட பிறகு பேச்சில் எது போயிருக்கிறது, எது மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். கத்தி, கரண்டி செய்யும் பட்டறையில், “நைன் வைல் ஃபைவ்” என்றார்.

‘வைல்’ என்றால் ‘அதே வேளையில்’ என்றுதானே படித்திருக்கிறோம். ‘ஒன்பது முதல் ஐந்து வரை’ என்று சொல்ல வந்தவருக்குச் சொல் மாறிவிட்டது என்று குறித்துக்கொண்டேன். அடுத்து ‘ஐ வாஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘ஐ வேர்’ என்றார். இன்னொரு குறி. ‘த பப்’ என்பதில் ‘த’ காணாமல் போய், தொண்டைக்குள் ஒரு சின்ன அடைப்பு மட்டும் கேட்டது. மூன்றாவது குறி. அஃபேசியா, அதாவது மூளை பாதிப்பால் வரும் மொழி இழப்பு, என்று எழுதப் பேனா எடுத்தபோது பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி சிரித்தார். “நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்தே இப்படித்தான் பேசுகிறார், லவ்.”

மூன்றுமே சுத்தமான யார்க்‌ஷயர் பேச்சு. அங்கே ‘வைல்’ என்றால் ‘வரை’. எனக்குத் தெரியாதது என் பிழை. ஆனால் தண்டனை அவருக்குப் போயிருக்கும்: தேவையில்லாத சிகிச்சை, அறிக்கையில் அவருக்கு இல்லாத ஒரு நோய்.

அன்றிலிருந்துதான் இங்கிலாந்தின் வட்டார உச்சரிப்புகளைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். இங்கே செவிலியராகவோ மருத்துவராகவோ வரப்போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். லண்டன் பக்கம் ‘கப்’ என்பது வடக்கே ‘குப்’ என்று கேட்கும். தெற்கே ‘பாத்’ என்று இழுக்கும் குளியலை வடக்கே ‘பத்’ என்று குறுக்குவார்கள். வடக்கத்தியர்கள் மொழியைக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டை ஒட்டி மாறத் தொடங்கியது தெற்குதான். பழைய ஒலியை வைத்திருப்பது வடக்கு. ‘ர்’ ஒலியும் அப்படித்தான். ‘கார்’, ‘ஃபார்ம்’ என்பவற்றில் இங்கிலாந்தின் பெரும்பகுதி அதை விழுங்கிவிட்டது. தென்மேற்கில் சாமர்செட், டெவன் பக்கத்துப் பெரியவர்களும், ஸ்காட்லாந்தும், அயர்லாந்தும் இன்னும் விடவில்லை. நாமும் விடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது லிவர்பூல். 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள் கூட்டங்கூட்டமாக இறங்கிய துறைமுகம் அது. அந்தக் கலப்பில் உருவான பேச்சில், முதுகைக் குறிக்கும் ‘பேக்’ என்ற சொல்லின் கடைசிக் ‘க்’ முழுசாக மூடாமல் காற்றோடு உரசிக்கொண்டு வெளியே வரும். தமிழர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ‘பகல்’ என்று சொல்லிப் பாருங்கள். எழுதுவது ‘க’, வாயில் வருவது ஏறக்குறைய ‘ஹ’. அதைக் கொஞ்சம் கரகரப்பாக்கினால் லிவர்பூல்.

ஆக, உச்சரிப்பை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும், தேர்ந்த காதாக இருந்தால். ஆனால் கண்டுபிடித்ததை வைத்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் வில்லங்கம். இதற்கு இங்கிலாந்தே ஒரு கொடிய உதாரணத்தை வைத்திருக்கிறது.

1970களின் இரண்டாம் பாதியில் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். 1979 ஜூனில் காவல்துறைக்கு ஒரு ஒலிநாடா வந்தது. கொலைகாரன் நான்தான், இன்னும் பிடிக்கவில்லையா என்று கேலி செய்யும் ஒரு குரல். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி எல்லிஸ் என்றொருவர் இருந்தார். 1950களில் நடந்த ஆங்கில வட்டார வழக்குக் கணக்கெடுப்புக்காகக் கிராமம் கிராமமாகச் சுற்றியவர். நாடாவைக் கேட்டு, வடகிழக்கில் சன்டர்லாந்து நகரம், அதிலும் சவுத்விக், காசில்டவுன் பக்கம் என்று பேட்டை அளவுக்குச் சுருக்கிச் சொன்னார்.

போலீஸ் என்ன செய்தது? சன்டர்லாந்துப் பேச்சு இல்லாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கழித்துவிட்டது. கழிக்கப்பட்டவர்களில் ஒருவர் பிராட்ஃபோர்டு பேச்சு பேசிய லாரி ஓட்டுநர் பீட்டர் சட்கிளிஃப். அவரைப் பலமுறை விசாரித்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். உண்மைக் கொலைகாரர் அவர்தான். 1981 ஜனவரியில் அவர் பிடிபடுவதற்குள், நாடா வந்த பிறகு மட்டும் இன்னும் மூன்று பெண்கள் செத்துப்போனார்கள்.

எல்லிஸ் தப்பாகச் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேதனை. 2005இல் பழைய கடித உறையில் இருந்த எச்சிலின் டி.என்.ஏ.வை வைத்து அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பிடித்தார்கள். ஜான் ஹம்பிள், சன்டர்லாந்துக்காரர், வெறும் புரளிக்காரர். எட்டு ஆண்டுச் சிறை கிடைத்தது. நாடாவில் பேசியவர் விளையாட்டு காட்டுபவராக இருக்கலாம் என்று எல்லிஸும் அவருடன் வேலை பார்த்த ஜாக் விண்ட்சர் லூயிஸும் அப்போதே எச்சரித்திருந்தார்கள். குரல் எந்த ஊர் என்று போலீஸார் கேட்டார்கள், சரியான விடை கிடைத்தது. பேசியவர் கொலைகாரரா என்பதற்கும் அதே விடையைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

என் வார்டில் நான் செய்ததும் அதே வகைத் தப்பு, சின்ன அளவில்.

ஊரைக்கூட எப்போதும் நம்ப முடியாது. எங்கள் துறையில் எல்லோரும் படிக்கும் நோயாளி ஒருவர் உண்டு. 1941இல் நார்வேயில் குண்டுவீச்சில் தலையில் சிதறல் பாய்ந்த ஒரு பெண். பிழைத்து எழுந்தபோது அவருடைய நார்வே மொழி ஜெர்மன்காரர் பேசுவதுபோல் ஒலித்தது. நாடோ ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்தது. கடைக்காரர்கள் அவருக்குச் சாமான் தர மறுத்தார்கள். நரம்பியல் மருத்துவர் மான்ராட்-க்ரோன் 1947இல் அவரைப் பற்றி எழுதினார். அயல் உச்சரிப்பு நோய்க்குறி என்பது அபூர்வம்தான், ஆனால் கேட்பவர் காது எவ்வளவு வேகமாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறது என்று காட்ட இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை.

இப்போது நம்மவர்கள் விஷயம். ஏழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். “பள்ளிக்கூடத்துக்குப் போய் ‘ஹவுஸ்’ஸை ‘அவுஸ்’ என்கிறான், ‘கப்’பை ‘குப்’ என்கிறான், இந்த லோக்கல் பேச்சை எடுத்துவிட முடியுமா மேடம்?” என்றார் அப்பா. பையன் வீட்டில் அம்மாவைப்போலவே தஞ்சாவூர்த் தமிழ் பேசுகிறான், பள்ளியில் சகாக்களைப்போல் ஆங்கிலம் பேசுகிறான். இரண்டு ஊரையும் இவ்வளவு துல்லியமாகப் பிடிக்கும் காதுக்கு என்ன சிகிச்சை கொடுப்பது? ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்குத் திருப்தியில்லை.

அவருடைய பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். உச்சரிப்பை வைத்து ஆளை எடைபோடுவது இங்கே நிஜம். கேட்பவர்களை மதிப்பெண் போடச் சொன்ன ஆய்வுகளில் பர்மிங்காம் பேச்சு பல பத்தாண்டுகளாக அடிமட்டத்திலேயே கிடக்கிறது. நம் இந்திய உச்சரிப்புக்கும் மேலே இடமில்லை. பணமும் படிப்பும் ஏற ஏற ஊர் வாடை குறையும் என்பதும் இங்கே பழைய கதை. ஆனால் அது கேட்பவரிடம் இருக்கும் கோளாறு. அதற்கு மருந்தை ஏழு வயதுப் பையனின் வாயில் ஊற்ற முடியாது.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. உச்சரிப்பை மாற்ற மெனக்கெட வேண்டாம். புரியாமல் போகும் இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும். நம் வாயில் சொல்லின் முதல் ‘ப’, ‘ட’, ‘க’வுக்கு மூச்சுக்காற்று இல்லை. ஆங்கிலத்தில் உண்டு. குண்டூசியைக் குறிக்கும் ‘பின்’ (pin) என்பதை நாம் காற்றில்லாமல் சொன்னால் இவர்கள் காதில் அது குப்பைத்தொட்டி (bin). உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து, காற்று படுகிறதா என்று பாருங்கள். பிறகு, ‘எம்’ என்ற எழுத்தை ‘யெம்’ என்கிறோம், ‘ஒன்லி’யை ‘வொன்லி’ என்கிறோம். போனில் மருந்துப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது கவனம்.

உச்சரிப்பைவிடச் சொல் இன்னும் ஆபத்து. வடக்கே பலருக்கு ‘டின்னர்’ என்பது மதியச் சாப்பாடு, ‘டீ’ என்பது ராத்திரிச் சாப்பாடு. ‘டின்னருக்குப் பிறகு ஒரு மாத்திரை’ என்று சொல்லிவிட்டு வந்தால் எந்த வேளைக்குப் போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. மணியைச் சொல்லுங்கள். கடிகாரத்துக்கு வட்டார வழக்கு கிடையாது.

இத்தனையும் கற்றுக்கொண்டு நாலைந்து வருஷம் ஆன பிறகு, பக்கவாதம் வந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வார்டுக்கு வந்தார். தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் நான் ஒருத்திதான். மதுரைக்காரி, மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்ற தெம்போடு படங்களைக் காட்டினேன். நாற்காலிப் படத்தைப் பார்த்து “கதிரை” என்றார். குதிரை என்று சொல்ல வந்து வாய் குழறிவிட்டது, அதுவும் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத சொல் என்று சிலுவைக் குறி போட்டேன். அவருடைய மகள் என் தோளுக்கு மேலாக அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதிரை எண்டால் கதிரைதானே, தங்கச்சி.”

சிலுவையை அடித்துவிட்டு ஒரு மதிப்பெண் போட்டேன்.