பெர்சனாலிட்டி டெஸ்ட்: சோதனையா, மதிப்பீடா?

மூன்று மாதத்துக்கு மேல் விடாமலோ விட்டு விட்டோ தொடர்வது நாள்பட்ட வலி. அதற்கான சில சிகிச்சைகளுக்கு முன், குறிப்பாகத் தண்டுவடத்தில் மின்தூண்டல் கருவி பொருத்தும் முன், 'பெர்சனாலிட்டி டெஸ்ட்' எழுதச் சொல்வதுண்டு. வலி இடுப்பில் இருக்க, என் குணத்தை எதற்குச் சோதிக்கிறார்கள் என்று நோயாளிக்குச் சுருக்கென்று கோபம் வரும். பாதிக் கோபம் அந்தச் சொல்லால் வருவது.

பேச்சு வழக்கில் 'நல்ல பெர்சனாலிட்டி' என்றால் உயரமும் மிடுக்கும்தான். மூலமான லத்தீன் 'பெர்சோனா'வும் நடிகர் அணிந்த முகமூடியைக் குறித்தது. இரண்டுமே வெளித்தோற்றம். தமிழின் 'ஆளுமை' அப்படியல்ல. 'ஆள்' என்பது பெயராக நின்றால் மனிதர், வினையாக நின்றால் ஆட்சி செய். துன்பம் வரும்போது ஒருவர் தன்னை எப்படி ஆள்கிறார் என்பதுதானே இங்கே கேள்வி? லத்தீனைவிட நம் சொல்லே பொருந்துகிறது.

சரி, 'டெஸ்ட்'? அதைச் 'சோதனை' என்றால் வம்பு. ஏற்கெனவே வலியில் துடிப்பவர் 'என்ன சோதனை இது' என்று புலம்புகிற அதே சொல். 'தேர்வு' என்றாலோ தேறுவதும் தோற்பதும் நினைவுக்கு வரும். இந்தத் துறையில் புகழ்பெற்ற, 1943இல் வெளியான மின்னசோட்டா வினாத்தொகுப்பின் ஆங்கிலப் பெயரிலும் 'டெஸ்ட்' கிடையாது. 'இன்வென்டரி', அதாவது இருப்புக் கணக்கு. 1989இல் திருத்தி வந்த பதிப்பில் 567 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று குறிக்க வேண்டும். ஆகவே 'ஆளுமை மதிப்பீடு' என்பதே என் தேர்வு.

மதிப்பிட்டு எதைக் கணிக்கிறார்கள்? சிகிச்சைக்குப் பிறகு மனச்சோர்வு, பதற்றம், நம்பிக்கை இழப்பு போன்றவை எவ்வளவு தலைதூக்கலாம் என்பதை. இதில் அதிகம் அடிபடுவது 'நியூராட்டிசிசம்'. இதை நரம்போடு சேர்த்துத் தமிழாக்கினால் 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரம் மாதிரி ஆகிவிடும். சட்டென்று கலங்கும், கவலைப்படும் இயல்பு அது. 'உணர்ச்சித் தளும்பல்' எனலாம்.

அப்புறம், 'முன்கணிப்பு' என்பதை ஜோசியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மின்னசோட்டா தொகுப்பில் உடல் உபாதைகள் பற்றிய கூற்றுகளும் நிறைய உண்டு. வலி உள்ளவர் உண்மையைக் குறித்தாலே சில அளவுகோல்களில் மதிப்பெண் ஏறிவிடும். அதை வைத்து 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லும் மருத்துவர் தாளைத் தவறாகப் படிக்கிறார். மதிப்பெண் ஏறியிருந்தால், சிகிச்சையோடு மனநல ஆலோசனையும் சேர வேண்டுமா என்று பார்ப்பதற்குத்தான் அந்தத் தாள்.