திரவத்தில் உருளும் மூலக்கூறும் 42 லட்சம் நிலைகளும்

எட்டி விதையில் உள்ள நச்சுப் பொருளான ஸ்ட்ரிக்னைனின் மூலக்கூறில் 22 ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. ஒவ்வொன்றின் கருவும் ஒரு குட்டிக் காந்தம். இந்தப் பொருளைக் கரைத்து என்.எம்.ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியில் வைத்தால், கருக்கள் எந்தெந்த அதிர்வெண்களில் பதில் தருகின்றன என்பதைக் கோடுகளாகக் காட்டும் நிறமாலை சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். அதே நிறமாலையைக் கணினியில் கணக்குப் போட்டு வரவழைக்க முயன்றால்தான் மலைப்பு வருகிறது.

காந்தப்புலத்தில் ஒரு புரோட்டானுக்கு, அதாவது ஹைட்ரஜன் கருவுக்கு, இரண்டு நிலைகள். இரண்டு சேர்ந்தால் நான்கு, மூன்றுக்கு எட்டு. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் 22க்குச் சுமார் 42 லட்சம். அந்தக் கூட்டத்தின் நிலையைச் சொல்லும் அணி (மேட்ரிக்ஸ்) அத்தனை வரிசையும் அத்தனை நிரலும் கொண்டது; அதில் 17.6 லட்சம் கோடி எண்கள் இருக்கும். அதை முழுதாக எழுதி வைக்கவே 280 டெராபைட் இடம் வேண்டும்.

சரி, கணக்குக்குள் என்னென்ன போகின்றன? முதலாவது வேதிப் பெயர்ச்சி: சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் கருவுக்குக் குடை பிடிப்பதால் வரும் சிறு அதிர்வெண் மாற்றம். அடுத்தது, வேதிப் பிணைப்புகள் வழியாகக் கருக்கள் ஒன்றையொன்று உணர்வது. இது பெரும்பாலும் சில ஹெர்ட்ஸ்தான். கோடுகள் இரண்டாக, மூன்றாகப் பிரிவது இதனால்தான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: இடைவெளியைத் தாண்டிக் காந்தமும் காந்தமும் நேரடியாக இழுப்பது. ஒரே கார்பனில் உள்ள இரு ஹைட்ரஜன்களுக்கு இடையே இது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் இருக்கும். திண்மப் பொருளில் இதுவே எல்லாக் கோடுகளையும் கலக்கிவிடும். திரவத்திலோ மூலக்கூறு எல்லாத் திசைகளிலும் உருண்டுகொண்டே இருக்கிறது. சிறிய மூலக்கூறு தன் திசையை மறக்கச் சில பத்து பிகோ நொடிகள் போதும் (ஒரு பிகோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). எல்லாத் திசைக்கும் சராசரி எடுத்தால் அந்தப் பெரிய விசை சுழியமாகிவிடுகிறது. ஆனால் அது சுவடே இல்லாமல் போவதில்லை. கருக்கள் மெல்ல மெல்ல ஒழுங்கை இழக்க அதன் நடுக்கமே முக்கியக் காரணம். கோட்டின் அகலமும் இதைப் பொறுத்ததே.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். 22 கருக்களும் ஒரேயடியாகக் கைகோத்திருக்கும் நிலைகளும் அந்த 17.6 லட்சம் கோடி எண்களில் அடக்கம். அப்படியொரு பெருங்கூட்டணி உருவாக, சில ஹெர்ட்ஸ் மட்டுமே உள்ள பிணைப்புகள் வழியாகச் செய்தி கருவுக்குக் கரு பரவ வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் ஒழுங்கு குலைந்துவிடும். கருவியும் தனித்தனிக் கருக்களின் காந்தத்தைத்தான் அளக்கிறது. அப்புறம் அந்தக் கூட்டணிகளைச் சுமப்பானேன்? 2007இல் இல்யா குப்ரோவும் பீட்டர் ஹோரும் அவர்களுடைய சக ஆய்வாளரும் முன்வைத்த வழி இதுதான்: பெரிய கூட்டணிகளை வெட்டிவிடு. நான்கு கருக்கள் வரை மட்டும் வைத்துக்கொண்டால், 17.6 லட்சம் கோடி 6,36,241 ஆகச் சுருங்குகிறது. அதிலும் பக்கத்துக் கருக்களின் கூட்டணி மட்டும் போதும் என்றால் இன்னும் குறையும்.

வெட்டியது சரிதானா என்று பார்க்கவும் எளிய வழி இருக்கிறது. வரம்பை நான்கிலிருந்து ஐந்தாக்கி மீண்டும் ஓட்ட வேண்டும். எண்ணிக்கை 70 லட்சத்தைத் தாண்டும், கணினிக்கு வேலை கூடும். நிறமாலையில் ஒரு கோடும் அசையவில்லை என்றால் நான்கே போதும்.