மரஸ்மியஸ்: காட்டுச் சருகில் முளைக்கும் வாடிவிரிக் காளான்

மரஸ்மியஸ் என்பது ஒரு காளான் பேரினத்தின் அறிவியற்பெயர். விரல்நகம் அளவில் மெல்லிய குடை, மயிரளவே தடித்த கறுத்த காம்பு, உதிர்ந்த இலையிலோ சுள்ளியிலோ முளைப்பது என்று மூன்றும் சேர்ந்திருந்தால் அனேகமாக இந்தக் கூட்டம்தான். திருகோணமலைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் மாரி பிடித்ததும் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியின் மரநிழலிலும் கன்னியா வெந்நீரூற்றுப் பக்கத்துப் பற்றைகளிலும் சருகைக் கிளறிப் பாருங்கள். குனிந்து பார்த்தால் போதாது, குந்தியிருந்து பார்க்க வேண்டும். அவ்வளவு சிறியது.

பெயருக்கு வருவோம். சுவீடன் நாட்டு எலியாஸ் ஃபிரீஸ் (1794–1878) காளான்களை வகைபிரித்தவர்களில் பெரியவர். 1830-களில் இந்தப் பேரினத்தைத் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தவர் அவர். கிரேக்கத்தில் 'மரஸ்மோஸ்' என்றால் வாடுதல், மெலிந்து தேய்தல். மற்றக் காளான்கள் மழை விட்டதும் அழுகிக் கூழாகிவிட, இவை அழுகாமல் காய்ந்து ஒடுங்குவதைத்தான் அவர் முக்கிய அடையாளமாகக் கொண்டார்.

ஆஸ்பத்திரிகளில் கேட்கும் 'மராஸ்மஸ்' என்ற நோய்ப்பெயரும் இதே சொல்தான். உணவு போதாமல் எலும்பும் தோலுமாகத் தேய்ந்த குழந்தையின் நிலை அது. அதற்குக் கிட்டியது நம்முடைய 'சவலை'. அதே கிரேக்க வேரின் எதிர்மறை வடிவம் 'அமராந்தோஸ்', அதாவது வாடாதது. அதிலிருந்துதான் அமராந்தஸ் என்ற கீரைப் பேரினத்துக்குப் பெயர் வந்தது. முற்றத்தில் நிற்கும் வாடாமல்லி அந்தக் கீரைக் குடும்பத்துச் செடிதான். கிரேக்கனும் தமிழனும் ஒரே குடும்பத்துப் பூக்களைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அடையாளம் காண்பதில் முதல் வேலை நனைத்துப் பார்ப்பது. ஒன்றைச் சருகோடு எடுத்து வந்து நிழலில் காயவிடுங்கள். குடை சுருண்டு, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, கடுகளவாக ஒடுங்கிவிடும். அப்புறம் ஒரு பீரிசில் தண்ணீர் விட்டு அதில் போட்டு வையுங்கள். மடிப்பு ஒவ்வொன்றாக விலகி, ஓரம் நிமிர்ந்து, பழையபடி குடை விரியும். இதோடு குழம்பக்கூடிய மைசீனா என்ற சிறு காளானிடம் இந்தக் குணம் இல்லை; அதன் காம்பு தொட்டாலே முறியும், மரஸ்மியஸின் காம்போ வளைத்தாலும் நாராக வளையும்.

அடுத்தது குடையின் அடிப்பக்கம். செவுள் தகடுகள் நெருக்கமாக இராது, எண்ணிவிடலாம் போல இடைவெளி விட்டு நிற்கும். சில இனங்களில் அவை காம்பைத் தொடாமல், காம்பைச் சுற்றிய ஒரு சிறு வளையத்தில் போய் முடியும். அப்படி ஓர் இனத்துக்கு 'ரோட்டுலா' என்று பெயர். இலத்தீனில் குட்டிச் சில்லு என்று பொருள். தகடுகளை ஆரக்கால்களாகவும் வளையத்தைக் குடமாகவும் பார்த்திருக்கிறார்கள்.

வித்தித்தூளின் நிறத்தையும் பார்த்துவிட வேண்டும். பாதி வெள்ளை, பாதி கறுப்பான தாளில் குடைகளைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கிளாசால் மூடி இரவு முழுக்க விடுங்கள். மரஸ்மியஸ் என்றால் கறுப்புப் பாதியில் வெள்ளைப் படிவு தெரியும். மக்கிய கட்டையடியில் நூற்றுக்கணக்கில் கூட்டமாக முளைக்கும் மைக்குடைக் காளான்கள் தூரத்தில் இதேபோல் இருக்கும். அவற்றின் தூள் கருமையாக விழும். கறையான் புற்றருகே பரவி முளைக்கும் சிறிய புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்புச் சாயலில் இருக்கும், காம்பும் வெள்ளையாய்ச் சதைப்பற்றோடு இருக்கும். புற்றுக்காளான் உண்ணப்படுவது என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

சரி, மரஸ்மியஸ் நஞ்சா? உண்ணத்தகாதது என்பதும் நஞ்சு என்பதும் ஒன்றல்ல. நம் சருகில் காணும் சிறு இனங்களில் சமைக்கச் சதையே இல்லை, தோலும் நாரும்தான். குளிர்நாட்டுப் புல்வெளிகளில் வட்டம் வட்டமாக முளைக்கும் இதன் உறவினம் ஒன்றை அங்கே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே சட்டி வைக்கக் கூடாது. பெயர் உறுதிப்படாத எந்தக் காளானும் வாய்க்குப் போகக் கூடாது, பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

இனித் தமிழ்ப் பெயர். தின்ன உதவாத காளானை நாங்கள் நாய்க்குடை என்று ஒதுக்கிவிடுவோம். நாய் சலம் விட்ட இடத்தில் முளைப்பது என்று விளக்கமும் சொல்வார்கள். எனக்கு அதைவிட வேறு விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. நல்வேளை என்று ஒரு செடி, அதன் சாயலில் நாய்வேளை என்று இன்னொன்று. துளசிக்கு நாய்த்துளசி, கடுகுக்கு நாய்க்கடுகு. நல்லதற்கு அடுத்தபடியாக, ஒப்பாகத் தோன்றி உதவாமல் போவதற்கு நாய் என்ற அடைமொழி. நாய்க்குடை அந்த வரிசைதான். அது பயன் கருதி வைத்த பெயர், ஓர் இனத்தின் பெயராகாது.

பழந்தமிழில் காளானுக்கு ஆம்பி என்று பெயர். புறநானூற்று 164-ஆம் பாட்டில், சமைப்பதையே மறந்த அடுப்பில் ஆம்பி பூத்துக் கிடக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் கறையான் அரித்த சுவரின் புழுதியில் 'புழற்காளாம்பி' பூக்கிறது. புழல் என்றால் உட்டுளை. இரண்டு இடத்திலும் வறுமையைக் காட்டத்தான் காளான் வருகிறது, ஆனாலும் அது எங்கே முளைக்கும், எப்படியிருக்கும் என்று புலவர்கள் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். இலங்கைப் பாடநூலில் பங்கசு, தமிழ்நாட்டில் பூஞ்சை என்பவையெல்லாம் காளான், பூஞ்சணம் எல்லாம் அடங்கிய முழு இனத்தொகுதிக்குமான பொதுப்பெயர்கள். குடை விரிப்பதற்குக் காளான் என்பதே போதும்.

கிரேக்கத்தை அப்படியே கொண்டுவந்தால் 'வாடற்காளான்' என்று வரும். அதை நான் ஏற்கமாட்டேன். கத்தரி, மிளகாய் செய்பவர்களுக்கு வாடல் என்றால் பயிரைக் கொல்லும் நோய், அந்த நோய்க்கும் பங்கசு காரணமாவதுண்டு. வாடற்காளான் என்றதும் பயிரை வாட்டுவது என்றே நினைப்பார்கள். பெரும்பாலும் சருகைத் தின்று மண்ணாக்கும் இந்த அழுகல்வளரிக்கு அந்தப் பழி ஏன்? 'வாடிவிரி' என்று சொல்லலாம். தொட்டாற்சுருங்கிக்கு அதன் செயலையே பெயராக வைத்ததுபோல இதுவும் நிற்கும். கிரேக்கப் பெயர் சொல்லாமல் விட்ட மறுபாதியையும் சொல்லிவிடும்.

இனப்பெயர்களும் இதனோடு இலகுவாகச் சேரும். மரஸ்மியஸ் கிரினிஸ்-எக்குயி என்பதில் கிரினிஸ் மயிர், எக்குயி குதிரையின். ஆக, குதிரைமயிர் வாடிவிரி. மலைநாட்டுத் தேயிலைச் செடிகளில் கறுப்பு இழைகளாகப் படர்ந்து தொங்கும் குதிரைமயிர் நோய் இந்த வகைக் காளான்களால் வருவது. பேராதனையில் பணியாற்றிய பங்கசு ஆய்வாளர் தோமஸ் பெற்ச் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை விரிவாக ஆராய்ந்தார். அந்த இழைகளைக் குருவிகள் எடுத்துக் கூடு கட்டுவதும் உண்டு. ஆகவே கிளையில் குடையே இல்லாமல் கறுத்த இழை மட்டும் தொங்கக் கண்டால், மயிர் என்று தட்டிவிடாமல், ஒரு நுனியைப் பிடித்துக் கொண்டு மற்ற நுனிவரை போய்ப் பாருங்கள். எங்காவது சுள்ளியில் ஒட்டிய இடத்தில் ஒரு குட்டிக் குடை இருக்கக்கூடும்.