டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு

மருந்து டப்பாவைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் செய்தது, அதைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்ததுதான். 30 மாத்திரையும் கலகலவென்று உருண்டன. "இந்தச் சத்தம் வீட்டுல கேக்கும்ல மேடம்?" என்றார். விசைப்படகில் வேலை பார்ப்பவர், இன்னும் நாற்பதைத் தொடவில்லை. மருந்து என்ன செய்யும், என்ன தொந்தரவு வரலாம் என்று அரை மணி நேரமாக நான் சொன்னது எதுவும் அவர் மனதில் ஏறவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. டிராயரில் இருந்த பஞ்சைப் பிய்த்து டப்பாவுக்குள் திணித்து மூடி ஆட்டிக் காட்டினேன். சத்தமில்லை. அதற்கப்புறம்தான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "சரி, எத்தனை மணிக்குப் போடணும்?" என்று கேட்டார்.

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் எச்.ஐ.வி. ஆலோசகராக வேலை பார்க்கிறேன். (இங்கே நான் குறிப்பிடுகிறவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நோய்க்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களைவிட, யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்று தள்ளிப்போட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தங்கச்சிமடத்தில் பஸ் ஏறினால் ராமநாதபுரத்தில் இறங்குவதற்குள் நாலு சொந்தக்காரர்கள் "எங்க போற?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் மதுரைக்குப் போய் மருந்து வாங்குகிறவர்கள் உண்டு. அது தப்பே இல்லை, நானே அனுப்பியும் வைத்திருக்கிறேன். ஆனால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மாதாமாதம் போனால் நாலாவது மாதம் கால் தயங்கும், அதையும் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். மருந்து ஒத்துக்கொண்டு நிலையாகிவிட்டவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தருவதும் உண்டு, ஊருக்குப் பக்கத்திலேயே மருந்து தருகிற இணைப்பு மையத்துக்கு மாற்றித் தருவதும் உண்டு. கேளுங்கள்.

முதல் நாள் என்ன நடக்கும் என்று தெரியாததும் ஒரு பயம்தான். எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்தில் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து 'இருக்கிறது' என்று முடிவு சொல்லமாட்டார்கள், மூன்று விதமான பரிசோதனைகளில் உறுதியான பிறகுதான் எச்.ஐ.வி.க்கு மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே எடை பார்ப்பார்கள், சி.டி.4 (எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று காட்டும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுப்பார்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள், அது காசநோய்க்காக. காசநோய் இருந்தால் அதற்கான மருந்தை முதலில் தொடங்கிவிட்டு எச்.ஐ.வி. மருந்தைச் சில வாரம் கழித்துத் தொடங்குவார்கள். மற்றபடி சில நாளிலேயே, சிலருக்கு அன்றைக்கே, மாத்திரை கைக்கு வந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி இல்லை. சி.டி.4 350-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. உடம்பு கெடுவதற்காகக் காத்திருங்கள் என்று சொல்லி ஆளை வீட்டுக்கு அனுப்பிய வேதனை எனக்கு இன்னும் போகவில்லை. 2017-லிருந்து எண் எதுவானாலும் எல்லோருக்கும் உடனே மருந்து, அதுவும் இலவசம்.

"நல்லாத்தான இருக்கேன், எனக்கு எதுக்கு?" என்று கேட்டார் ஓர் அக்கா. கடற்பாசி எடுக்கிறவர். விரல் நுனிகளில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள், அப்படியும் பாறை கிழித்துவிடும். மூன்றாவது தடவை வந்தபோது, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "கையில கீறி என் ரத்தம் தண்ணில கரையுதே, பக்கத்துல முங்குற பிள்ளைகளுக்கு ஒட்டிக்குமா?" இதை நினைத்துப் பயந்து இரண்டு மாதமாக அவர் மட்டும் தனியாகத் தள்ளிப்போய், ஆழம் தெரியாத இடத்தில் முங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒட்டாது அக்கா, கடல் தண்ணீரில் அப்படிப் பரவாது, சேர்ந்தே முங்குங்க, சோத்துச் சட்டியையும் சேர்ந்தே திறங்க என்றேன். அழுதுவிட்டார். அன்றைக்கே மருந்து தொடங்கினார். ஆறாவது மாத வைரஸ் பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அந்த அளவில் மருந்தை விடாமல் இருக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்கும் பரவாது. கல்யாணம், குழந்தை என்று கேட்க வெட்கப்பட்டு எழுந்துபோகிற இளம் வயதுக்காரர்களுக்கு இதை நான் கதவுவரை பின்னால் போய்ச் சொல்வேன்.

இப்போது தருகிற மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பிட்டும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். கீழக்கரை, தொண்டிப் பக்கம் நோன்பு வைப்பவர்கள் சஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் இருந்தால் போதும். முதல் ஒன்றிரண்டு வாரம் தலைவலி வரலாம், தூக்கம் கெடலாம். தூக்கம் கெட்டால் காலையில் போடுங்கள். சப்புகிற கேஸ் மாத்திரையை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள்: இதைப் போட்டு 2 மணி நேரம் கழித்து அது, அல்லது அதைப் போட்டு 6 மணி நேரம் கழித்து இது. தொடங்கிய சில வாரத்தில் காய்ச்சலோ நெறிகட்டோ வந்தால், மருந்து சேரவில்லை என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். உள்ளே ஒளிந்திருந்த காசநோய், எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது வெளியே தெரிவதாக இருக்கலாம், உடனே வாருங்கள். குடித்த அன்றைக்கு மருந்து கூடாது என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அன்றைக்கும் போடுங்கள். குடியைப் பற்றி தனியாகப் பேசுவோம்.

கடலுக்குப் போகிறவர்கள் நாலைந்து மாத்திரையைப் பாலித்தீனில் இறுக்கிக் கட்டி, பையில் கூடுதலாக வைத்திருங்கள். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் இருக்கிறதுதானே? வீட்டில் நம்பிக்கையான ஒருவர் போனில் மையத்தில் தருகிற உங்கள் பச்சைச் சிகிச்சைப் புத்தகத்தின் பக்கம் போட்டோவாக இருக்கட்டும், மருந்தின் பெயர் அதிலிருக்கும். தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கேரளாவுக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்றால் கிளம்புவதற்கு முன்பே மையத்தில் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கப்போய், 'அன்ஃபிட்' என்ற ஒற்றை வார்த்தையோடு திரும்பிய ஒரு தம்பி என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது, அவனுக்கு முன்பே அவன் மாமாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது, ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் இப்படிப் போட்டு உடைக்கக் கூடாது என்று 2017-இல் சட்டமே போட்டு, 2018 செப்டம்பர் 10-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தம்பி ஏழு மாதம் எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் வரவில்லை. எடை பாதியாகித்தான் வந்தான். இப்போது தேறிவிட்டான், ஆனாலும் அந்த ஏழு மாதம் அவன் படவேண்டியதே இல்லை.

வீட்டில் சத்து மாத்திரை என்று சொல்கிறீர்களா, சொல்லிக்கொள்ளுங்கள். டப்பா மேலிருக்கிற தாளைக் கிழித்துவிடுகிறீர்களா, கிழியுங்கள். யாரிடம் எப்போது சொல்வது என்று மெதுவாக முடிவு செய்யலாம், அதற்கு நாங்கள் கூட இருக்கிறோம். மாத்திரையை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். ரிசல்ட் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தால் 1097-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. இல்லையென்றால் பக்கத்து அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு நேராக வந்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும்.